குருதியின் கட்டளையும் காவலின் தளர்ச்சியும்

பத்மநாபபுரம் கோட்டையிலிருந்து சில கல் தொலைவில் நெய்யூர் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. 1838-ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு ராம்சே என்னும் மருத்துவரால் இலண்டன் மிஷனின் மருத்துவப்பணி தொடங்கப்பெற்ற ஊர் அது. அவ்வூர் மருத்துவமனையில் 1923 முதல் பணியாற்றியவர் தியோடர் ஹோவர்டு சோமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர். 1922-இல் எவரெஸ்டு முடியை நோக்கிச் சென்ற குழுவில் ஒருவராக இருந்த அவர், பயணம் முடிந்தபின் தென்னாடு காண வந்தார். நெய்யூரில் நோயாளர் திரள்திரளாகக் காத்துக் கிடக்க, அறுவை செய்யத் தகுதி பெற்ற மருத்துவர் ஒரே ஒருவர் இருந்ததைக் கண்டார். இலண்டனில் தமக்குக் காத்திருந்த உயர்பதவியை விடுத்து நெய்யூருக்கே வந்து சேர்ந்தார். இன்றும் நம் எல்லையை ஒட்டிய காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நெய்யூர்ப் பணியை ஏற்ற பின்னரும் மலை அவரை விடவில்லை. 1924-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், உயிர்வளி உருளை எதுவும் இன்றி, அவரும் நார்ட்டன் என்பவரும் எவரெஸ்டின் உச்சியை நோக்கி ஏறினர். ஏறத்தாழ 28,000 அடி உயரத்தில் தொண்டைப் புண் முற்றிச் சோமர்வெல் அமர்ந்துவிட்டார். நார்ட்டன் மட்டும் இன்னும் சிறிது தூரம் சென்று 28,126 அடியில் திரும்பினார். உயிர்வளி உருளையின் துணையின்றி மாந்தர் ஏறிய உயரங்களில் அதுவே 1978 வரை மிகப் பெரியது. அவ்வுயரத்தில் ஒரு மூச்சில் கிட்டும் உயிர்வளி, நம் குளச்சல் கடற்கரையில் கிட்டுவதில் மூன்றில் ஒரு பங்கு அளவினதே. சோமர்வெல் மலையில் தம் மூச்சுக்காற்றின் மாதிரிகளைப் பிடித்து ஆய்ந்து, 1925-இல் உடலியங்கியல் இதழொன்றில் குறிப்பும் வெளியிட்டார்.

அதே நெய்யூரிலிருந்து மற்றொரு செய்தியும் உலகுக்குச் சென்றது. அங்குச் சோமர்வெல்லுடன் பணியாற்றிய ஐயன் ஓர் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்லுவோரிடையே காணப்பெறும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-இல் ‘லான்செட்’ இதழில் விரிவான கட்டுரை ஒன்று எழுதினார். புகையிலை சேர்ந்த வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கி வைக்கும் வழக்கத்துக்கும் அந்நோய்க்கும் உள்ள உறவை ஆய்ந்த தொடக்க கால எழுத்துகளுள் அதுவும் ஒன்று.

மலையுச்சி எங்கே, வாய்ப்புற்று எங்கே என்று வியக்க வேண்டா. இவ்விரண்டையும் ஒரே சரட்டில் கோக்கும் பொருள் ஒன்று நம் ஒவ்வொருவர் சிறுநீரகத்திலும் சுரந்து கொண்டிருக்கிறது. எரித்ரோபாய்ட்டின் என்பது அதன் பெயர். மருத்துவர் சுருக்கமாக ‘எபோ’ என்பர். குருதியின் சிவப்பணுக்களைப் பெருக்குவது அதன் தொழில் என்று பாடநூல்கள் கூறும். அவ்வளவே அதன் தொழில் என்று நெடுங்காலம் நம்பப்பட்டும் வந்தது. நம்மைக் காக்கும் நோயெதிர்ப்பு அணுக்களின் வளர்ச்சியிலும் போக்கிலும் அதற்குக் கை உண்டு என்பது அண்மைக் காலத்தில் தெளிவாகிவரும் செய்தி. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பொருளும்

தமிழ் கற்பிப்போனுக்கு ஒரு சொல்லைக் கண்டால் அதனைப் பிரித்துப் பாராமல் மேற்செல்ல இயலாது. ‘எரித்ரோஸ்’ என்றால் கிரேக்க மொழியில் சிவப்பு. ‘பொயேசிஸ்’ என்றால் ஆக்குதல், செய்தல். ஆங்கிலத்தில் கவிதையைக் குறிக்கும் ‘போயம்’ என்னும் சொல்லும் இதே வேரில் பிறந்ததே. நம் முன்னோரும் பாட்டைச் ‘செய்யுள்’ என்றனர். செய்யப்படுவது ஆதலின் செய்யுள். கிரேக்கனும் தமிழனும் தனித்தனியே ஒரே எண்ணத்தை எட்டியிருப்பது எண்ணி மகிழத்தக்கது. ஆகவே எரித்ரோபாய்ட்டின் என்பதனைச் ‘செவ்வணு ஆக்கி’ எனலாம். ஆயினும் மருந்துக்கடையில் வழங்கும் பெயரே நோயாளிக்கு உதவும் என்பதால் ‘எபோ’ என்றே இங்குக் குறிப்போம்.

நம் வீடுகளில் ‘இரத்தம் ஊறட்டும்’ என்று கீரையும் ஈரலும் சமைத்துத் தருவர். கிணற்றில் நீர் ஊறுவது போலக் குருதி தானே ஊறுகிறது என்பது மக்கள் கருத்து. உண்மையில் அது ஊறுவதன்று. எலும்பின் உள்ளே இருக்கும் மச்சையில் கட்டளைப்படி செய்யப்படுவது. விருந்தில் நல்லி எலும்பை உறிஞ்சும்போது நாம் சுவைப்பது அந்த மச்சையைத்தான். ஒரு மாந்தனின் மச்சையில் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன. ஒவ்வோர் அணுவும் ஏறத்தாழ 120 நாள்கள் குருதியில் ஓடி உழைத்துப் பின் அழிகிறது. எத்தனை செய்ய வேண்டும் என்ற கட்டளை வருமிடம் சிறுநீரகம். கட்டளையைச் சுமந்து செல்லும் தூதே எபோ.

கட்டளையைக் கண்டறிந்த வரலாறு

1890-இல் வியோ என்னும் பிரெஞ்சு அறிஞர் பெரு நாட்டின் மலைகளில் 4,500 மீட்டர் அளவிலான உயரத்தில் தங்கித் தம் குருதியைத் தாமே எண்ணிப் பார்த்தார். ஒரு கன மில்லிமீட்டருக்கு 50 இலட்சமாக இருந்த சிவப்பணுக்கள் ஏறத்தாழ மூன்று வாரத்தில் 80 இலட்சத்தை நெருங்கின. காற்றில் உயிர்வளி குறைந்தால் அதனைச் சுமக்கும் அணுக்கள் கூடுகின்றன என்பது விளங்கிற்று. ஆனால் குறைந்தது என்று மச்சைக்குச் சொல்பவர் யார்?

பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பெற்ற அதே 1906-இல், பாரிசு நகரத்துக் கர்னோ, தெஃப்லாந்தர் என்னும் இருவர் இதற்கு விடை கூற முயன்றனர். குருதி இழந்த முயலின் குருதித் தெளிவை எடுத்து நலமான முயலுக்குச் செலுத்தினால், அதற்குச் சிவப்பணு பெருகுகிறது என்றனர். ஏதோ ஒரு பொருள் குருதி வழியே செய்தி கொண்டு போகிறது என்பது அவர்தம் துணிபு. பிறர் செய்து பார்த்தபோது அது எளிதில் அமையவில்லை. ஆதலின் நெடுநாள் யாரும் நம்பவில்லை. 1948-இல் பின்லாந்து நாட்டவர் இருவர் அப்பொருளுக்கு எரித்ரோபாய்ட்டின் என்று பெயர் சூட்டினர். பொருளைக் காணுமுன்னரே பெயர் வந்துவிட்டது! 1953-இல் எர்ஸ்லெவ் என்பார், தெளிவை மிகுதியான அளவில் செலுத்தி அப்பொருள் உண்டென மெய்ப்பித்தார். 1957-இல் சிகாகோ நகரத்து ஜேக்கப்சனும் கோல்ட்வாசரும், சிறுநீரகத்தை நீக்கினால் அப்பொருள் சுரப்பதில்லை என்று காட்டினர்.

அதனைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க மேலும் 20 ஆண்டுகள் ஆயின. அக்கதை சுவையானது. மச்சை வற்றிய நோயாளிகளின் உடலில் சிறுநீரகம் ஓயாமல் எபோவைச் சுரந்து கொண்டேயிருக்கும். கேட்பதற்கு மச்சைதான் இராது. அவ்வாறு வீணே வெளியேறும் எபோவைச் சிறுநீரிலிருந்து எடுக்கலாம் என்று ஜப்பான் நாட்டுக் குமமோட்டோவில் மியாக்கே என்பார் கருதினார். அவரும் துணைவரும் சேர்த்த 2,550 லிட்டர் சிறுநீரை வற்றச் செய்து கிடைத்த பொடியை அவர் சிகாகோவுக்கு எடுத்துச் சென்றார். 1977-இல் அதிலிருந்து கிடைத்த தூய எபோ சில மில்லிகிராம் மட்டுமே. அந்தச் சில மில்லிகிராமைக் கொண்டுதான் அதன் மரபணுவைத் தேட வழி பிறந்தது. 1983-இல் ஃபூ-குவென் லின் அம்மரபணுவைப் பிரித்தெடுத்தார். 1989-இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஏற்றது. சிறுநீரகம் பழுதுற்று டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கு, மாதந்தோறும் பிறர் குருதி ஏற்றும் துன்பம் அதனால் பெரிதும் நீங்கியது. இன்று இந்திய நிறுவனங்களே அதனைத் தயாரிக்கின்றன. என் உறவினர் ஒருவர் அதனை ‘இரத்த ஊசி’ என்றே கூறுவார். ஊசியில் ஒரு துளிக் குருதியும் இல்லை என்று எத்தனை முறை கூறினும் அவர் ஒப்புவதில்லை. பயனைப் பெயராக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு போலும்!

உயிர்வளி குறைந்ததைச் சிறுநீரகம் எவ்வாறு உணர்கிறது என்பதை விளக்கியமைக்காகக் கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவர் 2019-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றனர். சோமர்வெல் மலையேறிய காலத்தில் இவற்றுள் எதுவும் தெரியாது. வாரக்கணக்கில் உயரத்தில் தங்கினால் உடல் பழகிக் கொள்கிறது என்பது மட்டும் தெரியும். அப்பழக்கத்தில் விரைந்த மூச்சுக்கும் பங்குண்டு. எபோவின் கட்டளைக்கும் பங்குண்டு. உயரத்தை அடைந்த சில மணி நேரத்திலேயே அதன் அளவு ஏறத் தொடங்குகிறது. அணுக்கள் பெருகி நிறைவதற்குத்தான் வாரங்கள் தேவைப்படுகின்றன.

ஒரு மடை, பல வயல்கள்

இனி நோயெதிர்ப்புக்கு வருவோம். மச்சையில் செய்யப்படுவது சிவப்பணு மட்டுமன்று. கிருமிகளை விழுங்கும் அணுக்கள், எதிர்ப்பொருள் ஆக்கும் பி-நிணவணுக்கள், டி-நிணவணுக்களின் முன்னோர், குருதியை உறையச் செய்யும் தட்டணுக்கள் ஆகிய அனைத்துக்கும் பிறப்பிடம் அதுவே. அதனினும் வியப்பு யாதெனில், இவை யாவும் ‘குருத்தணு’ என்னும் ஒரே முன்னோரிடமிருந்து கிளைப்பவை. அம்முன்னோரின் வழித்தோன்றல் ஒன்று சிவப்பணு ஆவதா, காவலணு ஆவதா என்பது வழியில் முடிவாகிறது.

நாஞ்சில் நாட்டவர்க்கு இதனை விளக்க எடுத்துக்காட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. பத்மநாபபுரம் புத்தனாற்றின் நீர் மடைகளின் வழியே பிரிந்து செல்கிறது. ஒரு மடையின் பலகையை உயர்த்தினால் அவ்வயலுக்கு நீர் மிகும், கடைமடைக்குக் குறையும். பலகையை உயர்த்துபவன் அடுத்த வயலைக் கெடுக்க நினைத்தவன் அல்லன். தன் வயலுக்கு நீர் கேட்டான், அவ்வளவே. எபோவின் செயலும் ஓரளவு இத்தகையதே.

முன்பெல்லாம் அறிஞர்கள் வேறுவிதமாகக் கருதினர். குருத்தணுவின் வழித்தோன்றல் தானாகவே சிவப்பு வழியைத் தேர்ந்துவிடும். அதன் பின்னரே எபோ வந்து, அவ்வணு இறவாமல் காத்துப் பெருக்கும் என்பது அக்கருத்து. அதாவது எபோ செவிலித்தாய், வழிகாட்டி அன்று. 2014-இல் வெளியான ஒரு சுண்டெலி ஆய்வு இக்கருத்தை அசைத்தது. உடலில் எபோ மிகும்போது, எவ்வழியையும் தேர்ந்திராத முன்னோடி அணுக்களிலேயே சிவப்பணுவுக்குரிய மரபணுக்கள் விழித்தன. ஏனைய வழிகளுக்குரியவை அடங்கின. சிவப்பணு கூடியது, விழுங்கணுக்களின் வழியில் செல்வன குறைந்தன. ஆகவே எபோ பிள்ளையை வளர்ப்பதோடு நில்லாமல், எத்தொழிலுக்குச் செல்வதென்றும் சொல்கிறது.

இதற்குச் சற்று முன்னர், 2011-இல், மற்றொரு சுண்டெலி ஆய்வு பி-நிணவணுக்களைப் பற்றிப் பேசியது. எபோ மிகுதியாகச் செலுத்தப்பெற்ற சுண்டெலிகளின் மச்சையில் பி-நிணவணுக்களின் வளர்ச்சி குன்றியது. எலும்பின் உட்சட்டமும் மெலிந்தது. மச்சை என்பது அளவுக்குட்பட்ட இடம். அங்கு ஒரு குடி பெருகினால் மற்றொன்றுக்கு இடமும் உணவும் குறையும் என்பது எளிதில் விளங்கக்கூடியதே.

மடை ஒரு பக்கம் மட்டும் திறப்பதன்று என்பதையும் சொல்ல வேண்டும். உடலில் தொற்று ஏற்பட்டு அழற்சி மிகும்போது, காவலணுக்கள் வெளியிடும் பொருள்கள் சிறுநீரகத்தில் எபோவின் சுரப்பைக் குறைக்கின்றன. மச்சையை வெள்ளையணுப் பக்கம் திருப்புகின்றன. இரும்பையும் பூட்டி வைக்கின்றன. நெடுநாள் காசநோயிலும் மூட்டழற்சியிலும் நோயாளி வெளிறிப் போவதற்கு இது ஒரு காரணம். சிவப்பும் வெள்ளையும் மச்சையில் ஓயாது பேரம் பேசிக்கொண்டிருக்கின்றன எனலாம்.

காவலை உறங்க வைத்தல்

மச்சையில் இடம் பறிபோவது ஒரு வகை. எபோ நேரடியாகவே காவலணுக்களின் போக்கை மாற்றுவது மற்றொரு வகை. பின்னதே எனக்குப் பெருவியப்பாக உள்ளது.

ஒரு கட்டளை ஓர் அணுவுக்கு விளங்க வேண்டுமாயின், அதன் மேற்பரப்பில் அக்கட்டளையை வாங்கும் ‘ஏற்பி’ இருத்தல் வேண்டும். எபோவின் ஏற்பி சிவப்பணுவின் முன்னோடிகளில் மட்டுமே உண்டு என்று எண்ணியிருந்தனர். பெருவிழுங்கிகளிலும் அது உண்டு என்பது பின்னர் தெரிந்தது. பெருவிழுங்கி என்பது கிருமியை விழுங்கி அழித்து, பிற காவலர்க்கும் எச்சரிக்கை ஒலி எழுப்பும் அணு. எபோ வந்து ஏற்பியில் அமர்ந்தால் அவ்வொலி தாழ்கிறது.

ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரத்து ஆய்வாளர் 2011-இல் வெளியிட்ட சோதனை இதனை இரு முனையிலும் காட்டியது. டைபாய்டுக் கிருமியின் இனத்தைச் சார்ந்த சால்மொனெல்லாத் தொற்றுடைய சுண்டெலிகளுக்கு எபோ கொடுத்தபோது அவை கிருமியை அடக்க இயலாமல் நலிந்தன. குடலழற்சியுற்ற சுண்டெலிகளுக்கு அதே எபோவைக் கொடுத்தபோது நோய் தணிந்தது. மருந்து ஒன்றே, அடங்கிய காவலும் ஒன்றே. காவல் தேவைப்பட்ட இடத்தில் அது தீமையாயிற்று. காவலே கலகம் செய்த இடத்தில் நன்மையாயிற்று. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்றோரிடம் இவ்வடக்கும் இயல்பைப் பயன்படுத்த இயலுமா என்றும் ஆய்கின்றனர். நம் நாட்டில் 1971-இல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நடைபெற்ற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் சோமர்வெல்லும் தம் பிற்காலத்தில் அறுவைத்துறை ஆசிரியராகப் பணியாற்றினார் என்பது இங்கு நினைவுக்கு வருகிறது.

இயற்கை இத்தகைய அடக்கத்தை ஏன் வைத்தது? ஒரு விடை 2013-இல் வந்தது. பிறந்த குழந்தையின் உடலில் முதிராத சிவப்பணுக்கள் மிகுதி. தாய் வயிற்றில் உயிர்வளி குறைவாதலின் அவ்வாறு பெருகியிருக்கும். ‘நேச்சர்’ இதழில் வெளியான சுண்டெலி ஆய்வு, அம்முதிராச் சிவப்பணுக்கள் அருகிலுள்ள காவலணுக்களை அடக்கி வைக்கின்றன என்று கண்டது. பிறந்தவுடன் குடலில் கோடிக்கணக்கான நற்கிருமிகள் குடியேற வேண்டும். காவலர் விழித்திருந்தால் அவற்றோடு போர் மூளும். ஆகவே சில நாள்கள் வாயிற்காவலர் கண்ணயர்கின்றனர். விலை என்னவெனில், அந்நாள்களில் தீய கிருமியும் எளிதில் நுழையக்கூடும். பச்சிளங்குழந்தைக்குத் தொற்று விரைந்து பரவுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். தீட்டென்றும் கண்ணேறு என்றும் பெயரிட்டுப் பிள்ளை பெற்ற வீட்டில் வருவோர் போவோரைக் கட்டுப்படுத்திய நம் பாட்டிமார் இவ்வாய்வைப் படித்தவர் அல்லர். ஆயினும் செயல் பொருத்தமானதே.

அணுக்கள் ஒவ்வொரு நாளும் இறக்கின்றன. அவற்றின் சிதைவைப் பெருவிழுங்கிகள் சந்தடியின்றி அகற்ற வேண்டும். அகற்றாவிடில் உடல் தன்னையே பகையாகக் கருதித் தாக்கத் தொடங்கும். இறக்கும் அணுக்களை அகற்றும் அப்பணியிலும் எபோ துணை நிற்கிறது என்று 2016-இல் கண்டனர். ஆகவே ‘காவலை உறங்க வைப்பது’ எப்போதும் குற்றமன்று. வீட்டாரைக் கண்டு குரைக்காதிருக்கவும் நாய்க்குக் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். நம் நாட்டில் குருதிச்சோகை உடைய பெண்கள் மிகப் பலர். 2019–21-ஆம் ஆண்டுகளின் ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 அகவைக்குட்பட்ட இந்தியப் பெண்களுள் 57 விழுக்காட்டினரும், தமிழ்நாட்டில் 53.4 விழுக்காட்டினரும் சோகையுடையோர். இவர்களுக்கு ‘இரத்த ஊசி’ போட்டால் என்ன? இரும்புக் குறைவால் வரும் சோகையில் எபோ குறைவதில்லை. மாறாகப் பெருகியே இருக்கும். கட்டளைமேல் கட்டளை வருகிறது. சரக்கில்லாமல் பட்டறை விழிக்கிறது. அங்கு வேண்டுவது இரும்பேயன்றி எபோ அன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றித் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டு, விலையுயர்ந்த ஊசியைத் தேடுவோரை நான் கண்டிருக்கிறேன்.

நெய்யூரின் நோய்க்குத் திரும்புவோம்

வாய், தொண்டை ஆகியவற்றில் வரும் புற்றுக்குக் கதிர்வீச்சு ஒரு முதன்மையான மருத்துவம். கதிர் நன்கு வேலை செய்யக் கட்டிக்குள் உயிர்வளி இருத்தல் வேண்டும். சோகையுற்ற நோயாளியின் கட்டியில் அது குறைவு. ஆகவே எபோ கொடுத்துக் குருதியைப் பெருக்கினால் கதிர் நன்கு தாக்கும் என்று மருத்துவர் எதிர்பார்த்தனர். எண்ணத்தில் பிழையொன்றும் இல்லை. ஜெர்மானியர் ஹென்கே தலைமையில் 351 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு எபோவும் மறுபிரிவினர்க்கு வெற்று ஊசியும் கொடுத்துப் பார்த்தனர். முடிவு 2003-இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. ஐயன் ஓர் 70 ஆண்டுகளுக்கு முன் எழுதிய அதே இதழ். நோயும் பெரும்பாலும் அதே பகுதியின் நோய்.

எபோ பெற்றவர்க்கு ஹீமோகுளோபின் உயர்ந்தது. முகத்தில் தெளிவு வந்திருக்கும். ஆனால் புற்று, வெற்று ஊசி பெற்றவரினும் இவர்களிடமே விரைந்து மீண்டது, வாழ்நாளும் குறைந்தது. பிற புற்றுகளில் நடந்த சில ஆய்வுகளும் இதே திசையைக் காட்டின. 2007-இல் அமெரிக்க மருந்து ஆணையம் இம்மருந்தின் உறையில் கடுமையான எச்சரிக்கையைப் பொறிக்கச் செய்தது. குருதி கூடியும் நோயாளி ஏன் குன்றினார்? குருதி உறைதல் மிகுந்தது ஒரு காரணம். புற்றணுவே எபோவைப் பெற்று வளர்ந்ததோ என்றும் வழக்காடினர். முழுமையான விடை எதுவும் அன்று கிட்டவில்லை.

2025-இல் ‘சயன்ஸ்’ இதழில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை, அவ்விடையின் ஒரு பெரும் பகுதியை நோயெதிர்ப்பின் பக்கம் காட்டுகிறது. அவர்கள் ஈரல் புற்றுடைய சுண்டெலிகளை ஆய்ந்தனர். சில கட்டிகளுக்குள் டி-நிணவணுக்கள் திரண்டு நுழைந்து போரிட்டன. வேறு சில கட்டிகளுக்குள் அவை எட்டியும் பார்க்கவில்லை. காவலர் நுழையாத கட்டிகள் தாமே எபோவைச் சுரந்து கொண்டிருந்தன! அந்த எபோ, கட்டியைச் சூழ்ந்த பெருவிழுங்கிகளின் ஏற்பியில் அமர்ந்து அவற்றின் இயல்பையே மாற்றியது. போருக்கு அழைக்க வேண்டிய பெருவிழுங்கிகள், டி-நிணவணுக்களைத் தடுக்கும் வேலிகளாயின. பெருவிழுங்கிகளிலிருந்து அவ்வேற்பியை நீக்கியபோது வேலி உடைந்தது. டி-நிணவணுக்கள் உள்ளே புகுந்தன. அவற்றின் கையைக் கட்டும் தடையை அகற்றும் மருந்தையும் சேர்த்தபோது, கட்டிகள் சுருங்கின.

கோட்டைச் சுவருக்குள் பகைவன் புகுந்து, அரசன் இலச்சினையைத் திருடி, ‘வாயிற்காவலர் உறங்குக’ என்று ஓலை விடுத்தது போன்றது இச்செயல். பிறந்த குழந்தைக்கு நன்மை செய்யவும், குடலில் அமைதி நிலவவும் இயற்கை வைத்த கட்டளை அது. ஓலை மெய்யோலைதான், விடுத்தவன்தான் வேறு.

ஏற்பியைத் தடுக்கும் மருந்தை உடல் முழுதும் செலுத்தினால் சிவப்பணுவின் ஆக்கமும் நின்று சோகை வரும். பெருவிழுங்கிகளின் ஏற்பியை மட்டும் தேடிச்சென்று தடுக்கும் வழியே இன்று தேடப்படுகிறது. சுண்டெலியில் கண்டது அனைத்தும் மாந்தரில் அப்படியே நிகழும் என்று கொள்ளலாகாது. ஆயினும் 2003-ஆம் ஆண்டின் துயரமான கணக்குக்கு இப்போது ஒரு பொருத்தமான விளக்கம் கிட்டியிருக்கிறது.

இதனைப் படிக்கும் டயாலிசிஸ் நோயாளி எவரும் அச்சமுற்று ஊசியை நிறுத்திவிடல் ஆகாது. அவர்தம் உடலில் எபோ குறைந்துள்ளது. குறைந்ததை நிரப்புவதே அம்மருத்துவம். அளவைத்தான் மருத்துவர் கருத்தோடு பார்க்கின்றனர். 2006-இல் வெளியான ஆய்வொன்றில், சிறுநீரக நோயாளர்க்கு ஹீமோகுளோபினை 13.5 கிராம் வரை உயர்த்த முயன்றபோது, 11.3 கிராமோடு நிறுத்தப்பெற்றவரைவிட இதயக் கேடும் இறப்பும் மிகுந்தன. 2012-இல் வெளியான பன்னாட்டு நெறிமுறை, பொதுவாக 11.5 கிராமுக்கு மேல் செல்லும் வண்ணம் இவ்வூசியைத் தர வேண்டா என்று கூறுகிறது. ஊசி தொடங்குமுன் இரும்பு போதிய அளவில் உளதா, வேறு காரணத்தால் குருதி கசிகிறதா என்று பார்க்கவும் சொல்கிறது. புற்று இருக்கிறதா, முன்பு இருந்ததா என்று மருத்துவர் கேட்பதும் இதனாலேயே. குணமாகக்கூடிய புற்றுக்கு மருத்துவம் நடக்கும்போது எபோ தருவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்பது அந்நெறிமுறையின் கூற்று. ஆகவே வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைப் படலமோ உடைய ஒருவர், வெற்றிலைப் பழக்கத்தை மறைத்து, ‘உடம்பில் இரத்தமில்லை, ஊசி போடுங்கள்’ என்று மட்டும் கேட்பாராயின், மருத்துவர் முதலில் அவரிடம் வாயைத் திறந்து காட்டச் சொல்வார்.